நாதம் வடிக்கும் ஏணி

சென்னைக் கடற்கரையில் புறப்பட்டு, வங்காள விரிகுடாவின் அடித்தளத்திலே படிந்து கிடந்து, பினாங்குத் தீவில் கரையேறி, அங்கிருந்து சிங்கப்பூர் வரை சென்ற கடலடித் தந்திக் கம்பி 1870, 1871ஆம் ஆண்டுகளை ஒட்டி இடப்பட்டது. கெடா என்னும் கடாரத்து ரப்பர்த் தோட்டங்களுக்கென்று நம் முன்னோர் கப்பலேறுவதற்கு ஒரு தலைமுறைக்கு முன்பே, அவர்கள் கடக்கவிருந்த நீர்வழியில் செய்திகள் மின்துடிப்புகளாகக் கடந்துவிட்டன. பழைய சிந்தசைசர் ஒன்றின் வடிப்பானையும் அதன் குமிழ்களையும் ஆராயப் புகுந்த இந்த அத்தியாயத்தைத் தந்திக் கம்பியிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் இருக்கிறது. அக்கம்பி, தன்னை அமைத்தவர்களின் விருப்பத்துக்கு முற்றிலும் மாறாக, தானே ஒரு வடிப்பானாக வேலை செய்தது.

கம்பியின் நடுவே செம்பு. அதைச் சுற்றி மின்சாரம் கசியாதபடி கட்டாபெர்ச்சா என்ற பிசினுறை. அதற்கும் வெளியே உப்பு நீர். இந்தப் பிசின் நம் தோட்டங்களில் வெட்டிய பால்மரத்தினுடையது அன்று. மலாயாக் காடுகளில் இயற்கையாய் வளர்ந்த தபான் என்னும் வேறொரு மரத்தினுடையது. 1843இல் சிங்கப்பூரிலிருந்து இதன் மாதிரிகள் லண்டனுக்குச் சென்றன. 1851இல் இங்கிலாந்தையும் பிரான்சையும் இணைத்த கடற்கம்பிக்கு இதுவே உறையாயிற்று. பிறகு உலகத்துக் கடல்களெல்லாம் இந்தப் பிசினைக் கேட்க, மரத்தைக் கீறிப் பாலெடுக்கும் பொறுமையின்றி அடியோடு சாய்த்துச் சாய்த்து எடுத்ததில் காடுகள் வெறுமையாயின. இப்படி ஒரு கடத்தியும், நடுவே ஒரு காப்புப் பொருளும், மறுபுறம் கடல் என்னும் மற்றொரு கடத்தியும் அமைந்தால் அது மின்னேற்றத்தைத் தேக்கிவைக்கும் மின்தேக்கியாகிவிடுகிறது. செம்போ நீளத்தின் காரணமாகப் பெருந்தடையாகிவிடுகிறது. ஒரு முனையில் கூர்மையாய்ப் புகுந்த மின்துடிப்பு மறுமுனையில் மெல்ல எழுந்து மெல்லத் தாழும் மந்தமான மேடாக வந்து சேர்ந்தது. பிற்காலத்தில் கெல்வின் பிரபுவான வில்லியம் தாம்சன் 1854இலேயே இதன் கணக்கை வகுத்து, கம்பியின் நீளம் இரு மடங்கானால் இந்தத் தாமதம் நான்கு மடங்காகும் என்று காட்டினார்.

வேகமான மாற்றங்கள் வழியிலேயே அழிந்துபோக, மெதுவான மாற்றங்கள் மட்டும் பிழைத்துக் கரை சேர்கின்ற இந்த ஸ்வபாவத்தையே இன்று தாழ்வழி வடிப்பு என்கிறோம். கடல் முழுவதும் வேண்டுவதில்லை. பத்துக் கிலோ ஓம் தடை ஒன்றும், 0.01 மைக்ரோபாரடு மின்தேக்கி ஒன்றும் இருந்தால் மேசைமீதே அதை நிகழ்த்தலாம். தடையையும் தேக்கத்தையும் பெருக்கி, அதை 2π-யால் மேலும் பெருக்கி, ஒன்றை அதனால் வகுத்தால் வெட்டு அதிர்வெண் கிடைக்கும். இந்த ஜோடிக்கு அது ஏறக்குறைய 1,590 ஹெர்ட்சு. அதற்குக் கீழே உள்ள ஒலிகள் தடையின்றிச் செல்லும். மேலே செல்லச் செல்ல, ஸ்தாயி ஒன்றுக்குப் பாதிப் பாதியாய்க் குறையும். தந்திப் பொறியாளர்கள் இதை ஒரு நோயாகக் கண்டு போராடினார்கள். தொலைபேசிப் பொறியாளர்களோ, அமெரிக்காவில் ஜார்ஜ் கேம்ப்பெல்லும் ஜெர்மனியில் கார்ல் வில்லி வாக்னரும், முதல் உலகப் போர்க்காலத்தில் அதையே வேண்டுமென்று ஏற்படுத்தி, ஒரே கம்பியில் பல பேச்சுக்களைப் பிரித்தனுப்பும் யுக்தியாக்கினார்கள்.

சங்கீதத்துக்கு வடிப்பான் புதிதல்ல. குரல்வளையில் எழுகின்ற ஓசை எல்லா உயிரெழுத்துக்கும் ஒன்றே. வாயின் குகையும் நாவின் நிலையும் இதழின் குவிவும் அந்த ஓசையிலிருக்கும் மேற்சுரங்களில் சிலவற்றை உயர்த்திச் சிலவற்றை ஒடுக்குவதனால்தான் அது ஆகாரமாகவும் ஈகாரமாகவும் ஊகாரமாகவும் பிரிகிறது. அங்காத்தலும் இதழ்குவித்தலும் எழுத்தின் பிறப்பை வேறுபடுத்துகின்றன என்று தொல்காப்பியம் பிறப்பியலில் வகுத்தபோது, மொழியியலோடு ஒலியியலின் ஓர் ஆழ்ந்த உண்மையையும் சேர்த்தே தொட்டுவிட்டது. நாதசுரக்காரர் சீவாளியை இதழால் இறுக்கியும் தளர்த்தியும் ஒலியின் நிறத்தை மாற்றுகிறார். தம்பூராவின் குதிரைமேல் தந்திக்கு அடியில் செருகிய நூலிழையை மயிரளவு நகர்த்தினால் ஜீவா பிறக்கிறது. இன்னும் மயிரளவு நகர்த்தினால் மறைகிறது. அந்த இழையும் வளைந்த குதிரையும் சேர்ந்து, சாதாரணமாய் எழக்கூடாத மேற்சுரங்களையும் எழுப்புகின்றன என்பதை 1920களின் தொடக்கத்தில் ஆராய்ந்து எழுதியவர் சர் சி. வி. ராமன். வாசிப்பவன் தன் விரலால் தொட்டுத் தொட்டு நிறத்தைத் திருத்திக்கொள்ள ஓர் இடம் இருக்கவேண்டும் என்பது நம் வாத்தியங்களின் பழைய சம்பிரதாயம். மின்வாத்தியத்தில் அந்த இடம் வடிப்பானின் குமிழே என்பது என் உறுதியான அபிப்பிராயம். ஆகவே அந்தக் குமிழ் எப்படி அமைந்திருக்கிறது, அதை எவ்வளவு தூரம் திருத்தலாம் என்பது வெறும் பழுதுபார்ப்போர் விஷயமன்று.

பழைய அனலாக் சிந்தசைசரின் அடிப்படை மிக எளியது. முதலில் மேற்சுரங்கள் நிரம்பிய, வாள்பல் போன்ற வடிவமுடைய ஓர் அலையை ஆக்குவது. பிறகு வேண்டாத மேற்சுரங்களை வடித்துக் கழிப்பது. கழித்த பிறகு எஞ்சுவதே கருவியின் குரல். இந்தக் கழித்தலை மின்னழுத்தத்தின் ஆணைக்கு உட்படுத்தியவர்களில் தலையானவர் ராபர்ட் மூக். 1966இல் விண்ணப்பித்து 1969இல் அவர் பெற்ற காப்புரிமைக்கு உரிய சுற்று, ஏணி வடிப்பான் என்றே பெயர் பெற்றது. படத்தில் வரைந்து பார்த்தால், இருபுறமும் டிரான்சிஸ்டர்கள் தூண்களாய் நிற்க, அவற்றுக்குக் குறுக்கே நான்கு மின்தேக்கிகள் படிகளாய் அமைந்திருக்கும். அதே 1969இல் ஆமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில், அமெரிக்க இசைஞர் டேவிட் டியூடரின் உதவியோடு மூக் சிந்தசைசர் ஒன்று நிறுவப்பட்டது; அங்கே இந்தியர் சிலர் செய்த ஒலிப்பதிவுகள் அரை நூற்றாண்டு கழித்து, 2023இல், இசைத்தட்டாக வெளிவந்தன. ஏணியின் பெருமை ஆசியாவுக்கு வந்துசேரத் தாமதமாகவில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

ஏணியின் ஒவ்வொரு படியும் மேலே சொன்ன தடை, தேக்கி ஜோடிக்கு நிகரானது. அங்கே நிலையாயிருந்த தடைக்குப் பதிலாக இங்கே டிரான்சிஸ்டரின் உள்தடை நிற்கிறது. ஏணி முழுவதற்கும் அடியிலிருந்து செலுத்தப்படும் மின்னோட்டம் கூடினால் அந்தத் தடை குறையும், வெட்டு அதிர்வெண் உயரும். நான்கு படிகள் அடுத்தடுத்து இருப்பதால், வெட்டுக்கு மேலே ஸ்தாயி ஒன்று ஏறினால் ஒலியின் வீச்சு பதினாறில் ஒரு பங்காகிவிடும். வெட்டு அதிர்வெண்ணிலேயே நிற்கும் ஒலியோ, படி ஒன்றுக்கு 45 பாகை பின்தங்கி, நான்கு படிகளில் 180 பாகை, அதாவது முழுத் தலைகீழாய், வெளிவரும். வீச்சும் நாலில் ஒன்றாய்க் குறைந்திருக்கும். இப்போது அந்த வெளியீட்டைத் தலைகீழாக்கி முகப்பில் திரும்ப ஊட்டினால், அந்த ஓர் அதிர்வெண் மட்டும் தன்னைத்தானே தாங்கிக்கொண்டு ஓங்கும். இதுதான் ஒத்ததிர்வுக் குமிழின் வேலை. ஊட்டும் அளவை நான்கு மடங்காக்கினால் இழந்ததெல்லாம் சரியாய்த் திரும்பிவந்து, உள்ளே எந்த ஒலியும் புகாமலே வடிப்பான் தானாய்ப் பாடத் தொடங்குகிறது. குழலோசையைப் போன்ற அதன் சுத்த ஸ்வரத்தைக் கேட்டவர் மறக்கமாட்டார்.

ஆனால் இதில் ஒரு குறை உண்டு. ஊட்டு நான்கு மடங்காகும்போது, வெட்டுக்குக் கீழேயுள்ள கனத்த ஒலிகளுக்கு அது எதிர்ப்பாகவே அமைவதால் அவை ஐந்தில் ஒரு பங்காய்ச் சுருங்கிவிடுகின்றன. ஒத்ததிர்வைக் கூட்டக் கூட்ட மந்தர ஸ்தாயி மெலிகிறது என்று வாசிப்பவர்கள் சொல்லும் குறை இதுதான். உள்ளே வரும் ஒலியில் ஒரு பகுதியை ஊட்டும் பாதையிலும் சேர்த்துவிட்டால் மெலிவு வேண்டிய அளவு ஈடாகும். ஒரே ஒரு தடையும் அதைத் துண்டிக்க ஒரு சிறு ஸ்விச்சும் போதும். ஸ்விச் அவசியம் என்பேன். பழைய ஏணியின் அந்த மெலிவையே அழகென்று கொண்டு உருவான இசையும் இருக்கிறது; அதை நிரந்தரமாய் அழிக்க நமக்கு உரிமையில்லை.

இனிக் குமிழ்களுக்கு வருவோம். புதிதாய்க் கற்பவர் எவரும் வெட்டுக் குமிழின் வழியாகத்தான் ஒலி ஓடுகிறது என்று எண்ணுவது இயல்பு. வானொலிப் பெட்டியின் சத்தக் குமிழில் அப்படித்தான் ஓடுகிறது. சிந்தசைசரில் அப்படியன்று. குமிழ் ஒரு மின்னழுத்தத்தை மட்டுமே அனுப்புகிறது. விசைப்பலகை, அதில் அழுத்திய ஸ்வரத்துக்குரிய மின்னழுத்தத்தை அனுப்புகிறது. ஸ்வரம் எழுந்து அடங்கும் போக்கை வகுக்கின்ற உறைச்சுற்று தன் பங்கை அனுப்புகிறது. மெதுவாய் ஆடும் அலையாக்கி தன் பங்கை அனுப்புகிறது. இவையெல்லாம் தத்தமக்குரிய தடைகளின் வழியே வந்து ஒரே முனையில் கூடுகின்றன. கூட்டுமுனை என்று நான் அழைக்கும் அவ்விடத்தில் நிகழ்வது எளிய கூட்டல். கூட்டுத்தொகைதான் வடிப்பானை ஆள்கிறது. பல கருவிகளில் 100 கிலோ ஓம் தடையின் வழியே வரும் ஒரு வோல்ட்டு வெட்டை ஒரு ஸ்தாயி உயர்த்தும். அப்படியானால் 200 கிலோ ஓம் வழியே வரும் ஒரு வோல்ட்டு அரை ஸ்தாயியும், 50 கிலோ ஓம் வழியே வருவது இரண்டு ஸ்தாயியும் உயர்த்தும். ஆகையால் வடிப்பானுக்குப் புதிய கட்டுப்பாடு ஒன்று சேர்ப்பதென்றால், பழைய சுற்றில் எதையும் அறுக்காமல், இந்த முனையில் இன்னும் ஒரு தடையைப் பற்றவைப்பதே ஆகும். அந்தத் தடையின் மறுமுனையில் காலால் மிதிக்கும் பெடல் இருக்கலாம். வெளிச்சத்தை உணரும் தடை இருக்கலாம். ஊதும் காற்றின் அழுத்தத்தை அளக்கும் கருவி இருக்கலாம். மூக்கின் தலைமுறையினர் நமக்கு விட்டுச்சென்ற சொத்துக்களில் இந்தத் திறந்த வாசலைவிடப் பெரியது வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

விசைப்பலகையின் பங்கைச் சற்று விரிவாய்ப் பார்ப்போம். மூக்கின் மினிமூக் சிந்தசைசரில் அதற்கு இரண்டு ஸ்விச்சுகள் உண்டு. ஒன்றைப் போட்டால் வெட்டு அதிர்வெண் ஸ்வரத்தை மூன்றில் ஒரு பங்கு பின்தொடரும், மற்றொன்றைப் போட்டால் மூன்றில் இரு பங்கு, இரண்டையும் போட்டால் முழுவதும். பின்தொடராவிட்டால், மத்திய ஸ்தாயியில் ஒளிவீசிய குரல் தாரஸ்தாயிக்கு ஏறும்போது மங்கிப்போகும். முழுவதும் பின்தொடர்ந்தாலோ மேலே ஏற ஏறச் செவியைக் குத்தும். கோயில் திருவிழா மேடையில் சினிமாப் பாட்டின் பல்லவியைக் கீழே தொட்டு அநுபல்லவியை மேலே எடுக்கும் வாத்தியக்காரருக்கு இந்த இரண்டுக்கும் நடுவே, அன்றைய பாட்டுக்கும் பந்தலுக்கும் ஏற்ற ஓர் இடம் தேவைப்படுகிறது. அந்த இடம் மூன்றில் ஒன்றிலோ இரண்டிலோதான் இருக்கவேண்டும் என்ற நியமம் எதுவுமில்லை. ஸ்விச்சுகளை அப்படியே விட்டு, விசைப்பலகை மின்னழுத்தத்தை ஒரு புதிய குமிழின் வழியே கூட்டுமுனைக்குக் கொண்டுவந்தால் பூஜ்யத்திலிருந்து முழுமை வரை எந்தப் பங்கையும் கையாலேயே நாடலாம். நான் அறிந்த திருத்தங்களில் செலவு மிகக் குறைந்ததும் பயன் மிக அதிகமானதும் இதுவே.

வரலாறு நமக்குக் காட்டும் மற்றோர் உதாரணம் ரோலண்டு டிபி-303. தடாவோ கிகுமோட்டோ வடிவமைத்து 1981இன் இறுதியில் வெளிவந்த இந்தச் சிறு பெட்டி, துணைக்கு பாஸ் வாசிப்பவர் இல்லாத கிட்டார்க்காரருக்குத் துணையாக உண்டாக்கப்பட்டது. ஏறக்குறைய 10,000 மட்டுமே செய்து 1984இல் நிறுத்திவிட்டார்கள். இதன் வடிப்பானும் ஏணியே, ஆனால் டிரான்சிஸ்டர்கள் டயோடுகளைப் போல இணைக்கப்பட்டு, படிகள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டிருக்கும் ஏணி. அதன் தேக்கிகளில் ஒன்று மற்றவற்றில் ஏறக்குறையப் பாதியே. பம்பாய்த் திரையிசை வாத்தியக்காரரான சரண்ஜித் சிங் இதையும், டிஆர்-808 தாளப் பெட்டியையும், ஜூபிடர்-8 சிந்தசைசரையும் சிங்கப்பூரில் வாங்கிச் சென்று, 1982இல் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் இசைத்து ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். நாம் மாயாமாளவகௌளை என்றும் மோகனம் என்றும் இந்தோளம் என்றும் அழைப்பவற்றை வடநாட்டார் பைரவ் என்றும் பூபாளி என்றும் மால்கௌன்ஸ் என்றும் அழைப்பார்கள். மூன்றும் அதில் உண்டு. ஒரு ஸ்வரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்ல 303இல் இருந்த வசதி, ஜாருவையும் கமகத்தையும் நெருங்க அவருக்கு உதவிற்று. இசைத்தட்டு அன்று விற்கவில்லை. இருபதாண்டுகளுக்குப் பிறகு ஹாலந்துக்காரர் ஒருவர் கண்டெடுத்து 2010இல் மறுபதிப்புச் செய்த பின்னரே உலகம் வியந்தது.

303இன் வெட்டு, ஒத்ததிர்வு, உறையளவு, தேய்வு ஆகிய குமிழ்கள் பாட்டுக்கு முன் ஒருமுறை அமைத்து விட்டுவிடவேண்டியவை என்பதே ஆக்கியவர்களின் எண்ணம். 1987இல் சிக்காகோவின் பியூச்சர் குழுவினர் பெட்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே அவற்றைத் திருகித் திருகி, பாஸ் ஒலியை அலறவும் விம்மவும் வைத்தார்கள். சுற்றில் ஒரு கம்பியும் மாறவில்லை. பயன்பாடுதான் மாறிற்று, ஒரு புதிய இசைவகையே பிறந்தது. அதற்குப் பிறகுதான் குமிழ்களின் வீச்சு போதவில்லை என்ற தாகம் எழுந்தது. ஆஸ்திரேலியாவின் ராபின் விட்டில் 1990களில் தொடங்கிய டெவில் பிஷ் என்னும் திருத்தம் அந்தத் தாகத்துக்கு விடை: வெட்டின் எல்லையை விரித்து, உறையின் தேய்வைக் குறுக்கவும் நீட்டவும் வழிசெய்து, ஸ்வரத்தை வடிப்பான் பின்தொடர வைத்து, ஒலியலையைக் கொண்டே வெட்டை ஆட்டும் வசதியையும் சேர்த்தார். ஒலியலையால் வெட்டை ஆட்டுவதென்பது, நான் முன்பு சொன்ன கூட்டுமுனைக்கு நொடிக்குச் சில முறை ஆடும் அலைக்குப் பதிலாக நூற்றுக்கணக்கான முறை ஆடும் அலையை அனுப்புவதே. அப்போது செவி நிறத்தின் அசைவைக் கேட்காமல் ஒரு புதிய, கரடான குரலையே கேட்கிறது.

கடாரத்தில் இத்தகைய பழைய கருவி ஒன்றைத் திருத்த நினைப்பவர் இரண்டு சக்திகளோடு போராடவேண்டும். ஒன்று உஷ்ணம், மற்றொன்று ஈரம்.

உஷ்ணத்தின் காரணம் டிரான்சிஸ்டரின் பிறவிக்குணத்திலேயே இருக்கிறது. செவி ஸ்தாயிகளைச் சமதூரமாய் உணர்கிறது. 100 ஹெர்ட்சிலிருந்து 200க்கும், 1,000த்திலிருந்து 2,000த்துக்கும் அதற்கு ஒரே தூரம். ஆகவே சம அளவு மின்னழுத்தம் கூடுந்தோறும் மின்னோட்டம் இரட்டிக்கும் ஒரு பொருள் வேண்டும். சிலிக்கன் டிரான்சிஸ்டர் அதை இயற்கையாகவே செய்கிறது: 27 பாகை உஷ்ணத்தில், அதன் அடிமுனைக்கும் உமிழ்முனைக்கும் இடையே 18 மில்லிவோல்ட்டு கூடும்தோறும் மின்னோட்டம் இரட்டிக்கிறது. இந்த அற்புதத்துக்கு ஒரு விலை உண்டு. ஒரே மின்னோட்டத்துக்கு வேண்டிய மின்னழுத்தம் பாகை ஒன்றுக்கு ஏறக்குறைய 2 மில்லிவோல்ட்டு வீதம் குறைந்துகொண்டே வரும். காலையில் குளிர்ந்திருந்த மண்டபத்தில் அமைத்த கருவி, பிற்பகலில் தகரக் கூரையின்கீழ்ப் பத்துப் பாகை சூடேறினால், 20 மில்லிவோல்ட்டுக்கு வடிப்பான் ஒரு ஸ்தாயிக்கும் மேலாக எழும்பிப்போகும். ஆகவேதான் நல்ல சுற்றுகளில் ஒன்றுக்கொன்று ஒத்த இரண்டு டிரான்சிஸ்டர்களை முதுகோடு முதுகாய் ஒட்டி, ஒன்றின் பிழையை மற்றொன்றால் கழிக்கிறார்கள். அப்படியும் ஒரு மிச்சம் நிற்கும்: அந்த 18 மில்லிவோல்ட்டே தனி உஷ்ணநிலைக்கு நேர்விகிதமானது. நம் ஊர் உஷ்ணம் தனி அளவில் ஏறக்குறைய 300 பாகை. ஆகையால் ஒரு பாகைக்கு முந்நூறில் ஒரு பங்கு மாறும். பத்துப் பாகைக்கு முப்பதில் ஒன்று. ஐந்து ஸ்தாயி விஸ்தாரத்தில் ஸ்தாயியின் ஆறில் ஒரு பங்கு, அதாவது ச-விலிருந்து சதுஸ்ருதி ரி வரையான ஒரு முழுத் தூரம் பிசகிவிடும். ஒலியை வடிக்க மட்டும் பயன்படுத்தினால் இப்பிசகு நிறத்தில் சிறு மாறுதலாய்க் கரைந்துபோகும். வடிப்பானையே பாடவைத்து அதைக் குழல்போல் வாசிக்கும்போதுதான் அபஸ்வரமாய் உறுத்தும்.

பாகை ஒன்றுக்கு முந்நூறில் ஒரு பங்கு தானும் கூடுகின்ற விசேஷத் தடை கடைகளில் கிடைக்கிறது. பத்துலட்சத்தில் 3,300 பங்கு என்று அதன் குறிப்பில் எழுதியிருக்கும். கூட்டுமுனைக்கும் டிரான்சிஸ்டர் ஜோடிக்கும் இடையே மின்னழுத்தத்தைக் குறைத்துத் தருகின்ற சாதாரணத் தடையை எடுத்துவிட்டு இதை வைத்து, ஜோடியின் மேலே வெப்பம் கடத்தும் பசையோடு ஒட்டிவிட்டால் பிசகு பிசகைத் தின்றுவிடும். மேனாட்டுப் பழுதுபார்ப்போர் பலர் இதை ஆடம்பரமாகக் கருதக்கூடும். வெயிலும் மழையும் ஒரே நாளில் மாறி மாறி அடிக்கும் சுங்கைப்பட்டாணியில் தைப்பூசத்துக்கு வாசிக்க வேண்டிய கருவிக்கு இது அத்தியாவசியம்.

ஈரம் குமிழைத் தாக்குகிறது. குமிழுக்கு அடியிலுள்ள கரிப்பாதை காலப்போக்கில் தேய்ந்தும் பூசணம் பிடித்தும் இடையிடையே தொடர்பறுகிறது, திருகும்போது மின்னழுத்தம் துள்ளுகிறது, வெட்டு துள்ளுகிறது, ஒலி கரகரக்கிறது. சுத்தம் செய்யும் திரவம் சில மாதங்களுக்கு உதவும். நிலையான பரிகாரம், கடத்தும் பிளாஸ்டிக் பாதையுடைய புதிய குமிழ். இன்னொரு பரிகாரமும் உண்டு, அதை நான் விரும்பிச் சிபாரிசு செய்கிறேன்: குமிழின் நடுக்கால் மின்னழுத்தத்தை 100 கிலோ ஓம் தடை வழியே 0.1 மைக்ரோபாரடு தேக்கிக்கு ஊட்டி, ஓர் ஆப்-ஆம்ப் (செயற்பெருக்கி) வழியே கூட்டுமுனைக்குக் கொண்டுசெல்வது. பத்து மில்லிநொடியில் நிகழும் துள்ளல்கள் அப்போது மழுங்கிவிடும். கையின் வேண்டுமென்ற அசைவோ மழுங்காது. கெல்வினின் கம்பி செய்திக்கு இழைத்த அதே தீங்கை இங்கே நாம் இரைச்சலுக்கு இழைக்கிறோம். தேக்கியைப் பத்து மடங்காக்கினால் குமிழின் அசைவே மீட்டினாற்போல் குழைந்து வரும். இரண்டுக்கும் இடையே தேர்ந்துகொள்ள ஒரு ஸ்விச் வைத்தால் வாசிப்பவருக்கு ஒரு புதிய பாவம் கிடைக்கும்.

மின்சாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஜப்பானுக்கென்று செய்த கருவி 100 வோல்ட்டுக்கும், அமெரிக்காவுக்கென்று செய்தது 120 வோல்ட்டுக்கும் உரியது. நம் வீட்டுச் சுவரில் இருப்பது 230 முதல் 240 வரை. மின்னழுத்தம் இறக்கும் டிரான்ஸ்பார்மர் இல்லாமல் ஒருமுறை செருகினாலும் கருவி மீளாமலே போகலாம். பெட்டியைத் திறக்குமுன் செருகியைக் கழற்றி, உள்ளிருக்கும் பெரிய தேக்கிகள் ஆறும்வரை காத்திருக்கவேண்டும்.

இந்த ஆப்-ஆம்ப்புகளும் டிரான்சிஸ்டர்களும் நமக்கு அந்நியமானவை அல்ல. பினாங்கின் பாயான் லெப்பாஸ் சுதந்திர வணிக வளாகம் 1972இல் தோன்றியபோது முதலில் வந்த நிறுவனங்களில் இன்டெலும், ஏஎம்டியும், ஹிட்டாச்சியும், நேஷனல் செமிகண்டக்டரும் இருந்தன. அந்தக் கடைசி நிறுவனத்தின் எல்எம்13600 என்ற சில்லைத்தான் கோர்க் நிறுவனம் தன் எம்எஸ்-20 சிந்தசைசரின் பிற்காலப் பதிப்பில், பழைய வடிப்பான் சில்லுக்குப் பதிலாகப் பயன்படுத்திற்று. எந்தச் சில்லு எந்த மண்ணில் அடைக்கப்பட்டது என்பதை ஒவ்வொன்றாய்க் காட்ட இயலாது. ஆனால் அதிகாலைப் பிரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்புக்குத் தாயார் போய்வந்த அதே தோட்ட லயத்திலிருந்து, தொழிற்சாலைப் பேருந்தில் ஏறிக் கடல்கடந்து சென்று, நுண்ணோக்கியின் கீழே மயிரினும் மெல்லிய பொன்கம்பிகளைப் பற்றவைத்த கடாரத்துப் பெண்களின் கைத்திறன் உலகத்து வாத்தியங்களுக்குள் புகுந்தது என்பதில் ஐயமில்லை. 1996இல் கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா திறந்தபின் அந்தத் தொழில் கடாரத்துக்கே வந்துவிட்டது. பீடோங்கிலும் பாடாங் செராயிலும் பிறந்த பிள்ளைகள் சில்லுகளைச் செய்யக் கற்றார்கள். அவற்றை வாத்தியமாக்கவும் அவர்கள் கற்கவேண்டும் என்பது என் பேராசை.

அந்தப் பேராசைக்கு உறுமி மேளத்தையே முதற்படியாகச் சொல்வேன். தோட்டங்கள் தாமான் என்னும் குடியிருப்புகளாகவும் எண்ணெய்ப்பனைக் காடாகவும் மாறிய பிறகும் கடாரத்துத் தமிழ்ச் சமூகத்தில் இளைஞர் கை விடாத வாத்தியம் அது. ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்த்து உறும வைத்து, மறுமுகத்தை மெல்லிய குச்சியால் அடிக்கிறார்கள். தோலில் ஒட்டிய சிறு பீசோ தகட்டிலிருந்து வரும் மின்னலையைப் பெருக்கி, எதிர்ப்பாதியை மடக்கி நேர்ப்பாதியாக்கி, மீண்டும் ஒரு தாழ்வழி வடிப்பில் விட்டால், அடியின் பலத்தையொட்டி எழுந்து தாழும் மின்னழுத்தம் ஒன்று கிடைக்கும். அதை ஒரு தடை வழியே கூட்டுமுனைக்குத் தந்தால், உறுமிக்காரரின் கை சிந்தசைசரின் வாயைத் திறந்து மூடும். இதில் ஒரு சூக்ஷ்மம் இருக்கிறது. வடிப்பு வேகமாய் இருந்தால் உறுமலின் ஒவ்வோர் அதிர்வையும் பின்பற்றி ஒலி கரடாகும். மெதுவாய் இருந்தால் அடிக்குப் பின்னால் தயங்கித் தாளம் கெடும். எழுவதற்குச் சுமார் 5 மில்லிநொடியும், தாழ்வதற்கு 100, 150 மில்லிநொடியுமாகத் தொடங்கி, வாசிப்பவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே தடைகளை மாற்றிப் பார்ப்பதுதான் முறை.

பழைய கருவியில் துளையிடுவதைப் பற்றிச் சிலர் கடுமையாய்ப் பேசுவார்கள். உலகிலேயே பத்தாயிரம்தான் உண்டு என்ற பெட்டியில் புதிய ஓட்டைகளை இடுவது மீளாத செயல் என்பது உண்மை. ஆனால் வாசிக்கப்படாமல் கண்ணாடிக்குள் பூசணம் பிடித்துச் சாகின்ற கருவிகள் அதைவிட அதிகம். நான் மேற்கொள்ளும் நடுவழி இது: கூட்டுமுனையிலிருந்து ஒரே ஒரு கம்பியைப் பின்புறத்தில் ஏற்கெனவே உள்ள துளை வழியே வெளிக்கொணர்ந்து, புதிய குமிழ்களையும் பெடலையும் உறுமியின் சுற்றையும் தனிப் பெட்டியில் அமைப்பது, கழற்றிய பழைய பாகங்களை எந்த இடத்தினது என்று எழுதி உறையிலிட்டு, கருவியின் அடியிலேயே வைப்பது. உதிரிகள் பெரும்பாலும் பினாங்கிலோ கோலாலம்பூரின் ஜாலான் பாசாரிலோ கிடைக்கும்.

வேலை முடிந்ததும் சுருதி சேர்க்கவேண்டும். மூடியைத் திருகாமல் மேலே வைத்து மட்டும், அரைமணி நேரம் கருவியை ஓடவிட்டு, உள்ளே உஷ்ணம் நிலைத்த பிறகு, ஒத்ததிர்வை முழுதும் ஏற்றி வடிப்பானைப் பாடவைக்கவேண்டும். மத்திய ஸ்தாயி ச-வை ஒரு சுருதிப்பெட்டியோடு வெட்டுக் குமிழால் இணைத்து, தாரஸ்தாயி ச-வை உள்ளேயுள்ள சிறு திருகால் இணைத்து, மீண்டும் கீழே வந்து, மீண்டும் மேலே சென்று, இரண்டிடத்திலும் விம்மல் அடங்கும்வரை செய்யவேண்டும். இதை வீட்டில் மின்விசிறிக்கடியில் செய்வதைவிட, கச்சேரி நடக்கும் பந்தலில், கச்சேரி நடக்கும் பொழுதிலேயே செய்வது நல்லது.